பாலத்தில் நின்ற நட்டு

காரிமங்கலத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் மூன்று பேர் ஒரு விளையாட்டு ஆடுவோம். பெரிய தாளில் கட்டம் போட்டு, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டு. விதிப் புத்தகம் இங்கிலீஷில். அகராதியும் கையுமாக அதைப் படித்து, சண்டை வந்தால் பூதங்களை நகர்த்தி, எது செல்லும், எது செல்லாது என்று சொல்வது என் வேலை.

மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருப்பவர் வைத்தியர் வேடம். சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு வரும் லேத் பட்டறைக்காரர் போர்வீரன். அவருடைய காய், பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஓர் இரும்பு நட்டு.

போர்வீரனுக்கு ஒரு விதி உண்டு. எதிரி அவனைத் தாண்டி ஓடினால், தன் முறை இல்லாவிட்டாலும் ஒரு வெட்டு வெட்டலாம்; பகடையில் பெரிய எண் விழுந்தால்தான் அது படும். நான் பூதத்தின் மேல் விரல் வைத்ததுமே, "நில்லுங்கண்ணா! இங்க டோல்கேட்டு இருக்குது, கட்டிட்டுப் போவச் சொல்லுங்க" என்பார் லேத்காரர். அந்தப் பேச்சைக் கேட்கவே பூதங்களை அவர் பக்கமாக அனுப்புவேன். வெட்டு தவறினாலும் முகம் சுளிக்க மாட்டார். "விழுந்தது விழுந்ததுதாண்ணா. எனக்கோசரம் ரூலை வளைக்காதீங்க."

ஒரு சண்டை பாதியில் நின்ற வாரம், சேலம் ரோட்டில் லாரி மோதி அவர் போய்விட்டார்.

தாள் மேசையிலேயே கிடந்தது. பாலத்து நடுவில் நட்டு, அதற்குப் பின்னால் அடிபட்டுக் கிடக்கும் வைத்தியர், எதிரில் பூதம். சில மாதம் கழித்து இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்தோம். பூதத்தை எடுத்தால் என் கை நட்டுப் பக்கம் போக மாட்டேன் என்றது. ஒரு வாரம் அதை ஆற்றில் இறக்கினேன். மறுவாரம் பயந்து நிற்கிறது என்றேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்புவோம்.

"உங்க பூதத்துக்கு என்னதாங்க வியாதி?" என்றார் மண்டிக்காரர். "நான் இங்க சாவக் கெடக்கறேன். அது டீ குடிக்கப் போயிருச்சா?"

சிரித்தோம். சிரித்துவிட்டு இருவருமே நட்டைப் பார்த்தோம்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் லேத்காரரின் மனைவி வந்தார். "அண்ணா, அந்த நட்டக் குடுத்துருங்க. நாளைக்குக் கல்லறைல பூ வெக்கறப்ப அதையும் வெக்கணும்."

சண்டை முடியாமல் காயை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மண்டிக்காரர்தான், "பூதத்தத் தாண்ட வுடுங்க" என்றார். "வெட்டு பட்டா நான் பொழச்சேன். படலைன்னா என் கதை முடிஞ்சது. இதுக்குதான அவரு அங்கயே நிக்கறாரு?"

ஆடுகிற ஆள் இல்லாத வீரன் வெட்டலாமா என்பது புத்தகத்தில் இல்லை. வெட்டலாம் என்றேன். பகடையை லேத்காரரின் மனைவியிடம் கொடுத்துவிட்டு, பூதத்தை நட்டைத் தாண்டி நகர்த்தினேன். உருட்டினார். மூன்று விழுந்தது.

"இது போதுங்களாண்ணா?"

மண்டிக்காரர் என்னையே பார்த்தார். போதும் என்று சொல்லியிருக்கலாம், மறுக்க அங்கே யாருமில்லை. என் பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது.

"பத்தாதும்மா."

"வூட்லயும் இதேதாண்ணா சொல்லுவாரு, விழுந்தது விழுந்ததுன்னு" என்றபடி நட்டை எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டார்.

மண்டிக்காரர் இப்போது வேறு வேடத்தில் ஆடுகிறார். தாள் அதேதான். நட்டு இருந்த கட்டத்தில் வட்டமாகத் துருக்கறை. அதில் யாரும் காய் வைப்பதில்லை. அந்தப் பக்கமாகப் பூதத்தைக் கொண்டுபோகும்போது என் விரல் தானாக நிற்கிறது. "நில்லுங்கண்ணா" என்று ஒரு குரல் எழும்புவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ, அவ்வளவு நேரம் விட்டுத்தான் தாண்டுகிறேன்.