பூட்டிய வீடுகளுக்கு வந்த கம்பி

"தண்ணியே உங்களுக்கு லாரியிலதாம்மா வருது. இதுல ப்ராட்பேண்ட் வந்து என்ன பண்ணப் போறீங்க?"

எங்கள் பகுதித் தொலைபேசி அலுவலகத்தின் பொறியாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் கிண்டலாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திருப்பிக் கொடுக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி, உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேட்பவர்போலக் கேட்டார். எர்ணாவூரிலிருந்து பேருந்தில் வரும்போது மனத்துக்குள் சொல்லிப் பார்த்த பதில்கள் எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. "வேலை செய்யப் போறேன் சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தார். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா கன்டெய்னர் யார்டில் சுமை இறக்குபவர். அம்மா விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் இறால் உரித்துவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிவிடுவாள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான், பி.காம். முடித்ததும் நான்தான். மருத்துவப் பதிவுகளைத் தட்டச்சு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டு மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு, எழுத்தில் கொண்டுவர வேண்டும். வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் எண்ணூர் சாலையில் இருந்தது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாக நிற்கும். நுங்கம்பாக்கத்தில் ஒன்பது மணிக்கு இருக்க வேண்டும் என்று ஆறு மணிக்குக் கிளம்பினால், ஒன்பது மணிக்குப் பாதி வழியில், தங்கசாலையில்தான் இருப்பேன். ரயிலுக்குப் போகலாம் என்றால், ஸ்டேஷனுக்குப் போவதற்கே அந்தச் சாலையைத் தாண்ட வேண்டும்.

ஒரே மாதத்தில் எட்டு நாள் தாமதம். மேற்பார்வையாளர் அம்மாள் என்னை அழைத்துத் திட்டவில்லை. என் வேலை பிடித்திருந்ததால் ஒரு வழி சொன்னார். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். அதற்கு ப்ராட்பேண்ட் இணைப்பு இருக்க வேண்டும். அடுத்த மாதக் கடைசிக்குள் வரவில்லையென்றால் என் இடத்தில் வேறு ஆள் வந்துவிடுவார். வீட்டில் பயிற்சிக்காகத் தவணையில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. டெலிபோன் இல்லை. எங்கள் அடுக்குமாடி பிளாக்கில் யாருக்குமே இல்லை.

பொறியாளர் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு விளக்கினார். தொலைபேசி நிலையத்திலிருந்து எங்கள் வீடுவரை செம்புக் கம்பி இழுத்தால் தூரம் அதிகம், அதுவும் கடற்காற்றில் அரித்துப்போகும், ப்ராட்பேண்ட் தாங்காது. ஆனால் தொழிற்சாலைகளுக்காகப் போட்ட ஃபைபர் கேபிள் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகிறது. அந்தத் தெருமுனையில் ஒரு பெட்டியை நிறுத்தினால், அங்கிருந்து வீடுகளுக்குக் கொஞ்ச தூரம்தான். கம்பி நன்றாக வேலை செய்யும். அந்தக் கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டியபோது நாங்கள் பல நாள் பலகை போட்டுத் தாண்டி நடந்திருக்கிறோம். எங்களுக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

"பெட்டி வைக்கணும்னா குறைஞ்சது இருபத்தஞ்சு வீடாவது கேக்கணும்மா. கேக்காத எடத்துல வெச்சா என்னைக் கேள்வி கேப்பாங்க. போன மாசம்தான் ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தோம்" என்று ஒரு பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

எங்கள் பிளாக்குக்கு ஒரு பக்கம் முழுதாக ஒதுக்கியிருந்தார்கள். வீட்டு எண், பெயர், தேவையா இல்லையா. பெயர் எழுத வேண்டிய இடமெல்லாம் காலியாக இருந்தது. தேவை என்ற இடத்தில் மேலிருந்து கீழே ஒரே சொல்: பூட்டியிருந்தது. பூட்டியிருந்தது. பூட்டியிருந்தது. முதல் வரி எங்கள் வீடு. அதற்கும் அதே சொல்தான். தேதியைப் பார்த்தேன். அது எனக்கு விடுமுறை நாள். அந்த நேரத்தில் நான் வீட்டுக்குள்தான் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்தேன். சென்னையிலேயே ப்ராட்பேண்ட் மிகவும் தேவைப்பட்ட பெண் உள்ளே இருக்க, வெளியே நின்ற கணக்கெடுப்பாளர் ஆளில்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

பூட்டியது யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் அம்மாதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அரசு கட்டிக் கொடுத்த எங்கள் குடியிருப்பில் வீடுகளை முதலில் ஒதுக்கீடாகப் பெற்றவர்கள் பாதிப்பேர் எப்போதோ போய்விட்டார்கள். இருப்பவர்கள் பத்திரமில்லாமல் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியவர்கள் அல்லது வாடகைக்கு இருப்பவர்கள். கழுத்தில் அட்டை தொங்க, கையில் பதிவேட்டோடு யார் வந்தாலும், 'இது யார் பேரில் உள்ள வீடு?' என்று கேட்க வந்தவர் என்றே நினைப்பார்கள். ஒதுக்கீடு பெற்றவர் நீங்கள் இல்லையென்றால் வீடு போய்விடும். அதனால் ஒரு ஏற்பாடு இருந்தது. பிளாக்கின் நுழைவாயிலில் முதல் வீடு எங்களுடையது. வருகிறவரை அம்மாதான் முதலில் பார்ப்பாள். பதிவேட்டைக் கண்டதும் சாவிக்கொத்தோடு மாடிப்படி ஏறி, ஒவ்வொரு வீட்டையும் வெளியே பூட்டிவிட்டு இறங்குவாள். உள்ளே இருப்பவர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அப்பா பேரில் முறையான ஒதுக்கீடு இருந்தது. ஆனாலும் திறந்திருந்தால் மற்றவர்களைப் பற்றிக் கேட்பார்களே என்று அதையும் கடைசியாகப் பூட்டிவிட்டு, பைப்படியில் குடத்தோடு நின்றுகொள்வாள். "அல்லாரும் வேலைக்குப் பூட்டாங்க சார்" என்பாள்.

பொறியாளர் பதிவேட்டை மூடப் போனார். அதை மூடிவிட்டால் என் வேலை போயிற்று. உண்மையைச் சொன்னால், எங்கள் பிளாக்கில் ஒதுக்கீடு இல்லாத பதினெட்டுக் குடும்பங்களின் ரகசியத்தை ஒரு அதிகாரியிடம் சொன்னவள் ஆவேன். அவர் யாரிடம் சொல்வார், என்ன செய்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பதிவேட்டின் மேல் கையை வைத்தேன். "சார், அந்த வீடெல்லாம் பூட்டியில்ல சார்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நடுவில் எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னதை இன்றும் வார்த்தை மாறாமல் சொல்வேன்: "வீடு யாரோடதுன்னு எனக்குத் தெரிய வேண்டியதில்லம்மா. கம்பி எந்த வீட்டுக்கு வரணும்னு தெரிஞ்சா போதும். ரேஷன் கார்டோ ஓட்டர் கார்டோ ஒண்ணு கொடுக்கச் சொல்லுங்க. அடுத்த புதன்கிழமை நானே வரேன்." ஒரு கட்டு விண்ணப்பப் படிவங்களையும் கொடுத்தனுப்பினார்.

நடந்ததையெல்லாம் வீட்டில் சொன்னதும் அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஆபீசராண்டயே போயி சொல்லிட்டியா? படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது? நாளைக்கு வூட்ட காலி பண்ணச் சொன்னான்னா மேல் வூட்டுக்காரி எம் மூஞ்சில முழிப்பாளா?" மறுநாள் இறால் கொட்டகையிலிருந்து திரும்பியவள், செருப்பைக் கூடக் கழற்றாமல், "அந்தாளு கதவ சாத்தினானா, நீ சாத்தினியா?" என்று கேட்டாள். "அவர்தான் சாத்தினார்" என்றேன். "அப்ப சரி, வெளிய சொல்ல மாட்டான். ஃபாரத்த எட்தா" என்றாள்.

எங்கள் பக்கம் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் லாரி வரும் நேரத்தில்தான் பார்க்க முடியும். குட வரிசையின் ஓரத்தில் நான் படிவங்களோடு நின்றேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாதான் பேசினாள்.

"இன்னாத்துக்குக்கா ரேஷன் கார்டு ஜெராக்ஸு? அப்பால வூட்ட புட்ங்கிக்கினு பூட்டான்னா?" என்றாள் இரண்டாம் மாடிக்காரி.

"எங்கூட்டு நம்பருதான் மொதல்ல கீது, பாத்துக்க. புட்ங்கினா என் வூட்டதான் மொதல்ல புட்ங்குவான். அப்ப உன் வூட்டாண்ட வந்து குந்திக்கிறேன்."

"நீ குந்தினா எங்க படுக்கறது, நானு?" என்று அவள் கேட்க, வரிசையே சிரித்தது. ஆனால் படிவத்தை வாங்கிக்கொண்டாள். அவளுடைய கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். அவரோடு பேச மாதம் ஒருமுறை திருவொற்றியூர் பிரவுசிங் சென்டரில் போய் நிற்கிறாள். தையல்காரப் பெண் ஒருத்திக்கு ரவிக்கை மாடல்கள் பார்க்க வேண்டும். பலருக்கு உண்மையில் வேண்டியிருந்தது டெலிபோன்தான். இணையம் என்றால் என்ன என்று நான் விளக்கியபோது, அது கூடவே வந்தால் வரட்டும் என்றார்கள். செவ்வாய்க்கிழமைவரை பத்தொன்பது கையெழுத்துகள் சேர்ந்தன. மற்றவர்கள் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை வருகிறேன் என்றவர் செவ்வாய் மத்தியானமே வந்துவிட்டார். நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பிளாக் முன்னால் அவருடைய ஸ்கூட்டர் நின்றது. அக்குளில் பதிவேட்டை வைத்துக்கொண்டு அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து ஒரு குரல் வந்தது: "யக்கா, ரிஜிஸ்டர்காரன் வந்துகிறான்!" அதற்குப் பின்னால், வரிசையாகப் பூட்டுகள் விழும் சத்தம். அவருக்கும் கேட்டது. மூன்று மூன்று படியாகத் தாவி ஏறினேன். முதல் மாடி முழுவதையும் பூட்டிவிட்டு அம்மா இரண்டாம் மாடியில் ஒரு பூட்டை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இவர்தாம்மா அவரு."

அவள் கையைப் பூட்டிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருடப் பழக்கம். பதிவேட்டைப் பார்த்ததும் கால் தானாக மேலே ஏறிவிட்டது. அதற்குள் அவர் படியேறி வந்து நின்றார். மூச்சு வாங்கினார். அந்தச் சில நொடிகளில் அம்மா என்ன யோசித்தாளோ, சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைத் தேடி எடுத்து அந்தப் பூட்டைத் திறந்தாள். கதவைத் தள்ளினாள். உள்ளே கப்பல்காரர் மனைவியும் இரண்டு பெண்களும் சத்தமில்லாத டிவியின் முன்னால் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சார் வூடு கேக்க வரல. போன் வேணுமான்னு கேக்க வந்துகிறாரு. எந்திரிச்சு வா" என்றாள் அம்மா.

அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். பெயரைக் கேட்டார், வீடு யார் பேரில் என்று கேட்கவில்லை. 'பூட்டியிருந்தது' என்பதை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் 'தேவை' என்று எழுதினார். அடுத்த கதவுக்கு அம்மா முன்னால் போனாள். பூட்டியவற்றை அவள் திறந்தாள்; பூட்டாத கதவுகள் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. பக்கத்து பிளாக்கிலிருந்து கூட ஆட்கள் கார்டோடு வந்து நின்றார்கள். கிளம்பும்போது மொத்தம் முப்பத்தொரு வீடு என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "லாரித் தண்ணியா?" என்று கேட்டார். "ஆமா சார். நல்லாகீதா?" என்றாள் அம்மா. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பெட்டி வந்தது. கம்பி வந்தது. கம்பெனி சொன்ன கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது, எங்கள் வீட்டு மோடத்தில் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிந்து, ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றது. கம்பி இழுத்த லைன்மேன் கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் குரல் பதிவு இறங்கி முடிந்ததும் ஹெட்போனை அம்மா காதில் வைத்தேன். எங்கோ ஒரு மருத்துவர் யாருடைய முழங்காலைப் பற்றியோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். "இன்னா சொல்றாரு?" என்றாள். "கால் வலியாம்" என்றேன். "தைலம் தடவச் சொல்லு" என்றாள். சாலையில் லாரிகள் வழக்கம்போல நின்றிருந்தன. அவை எத்தனை மணிவரை நின்றாலும் இனி எனக்கு ஒன்றுமில்லை என்ற நினைப்பு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பொறியாளர் அடுத்த வருடமே மாற்றலாகித் தெற்கே போய்விட்டார். அவர் என்னைப் பாராட்டியதில்லை; நீ பெரிய ஆளாக வருவாய் என்றெல்லாம் சொன்னதில்லை. சந்தேகப்பட்டார், கேட்டார், பதிலைக் கேட்டுக்கொண்டார். அதிகாரிகள் கேள்வி கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதில் வரும்வரை காத்திருந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவர் சாத்திய அந்தக் கதவைப் பற்றி அம்மா இன்னும் பேசுவாள்.

இப்போது எங்கள் பிளாக்கில் என்னிடம் பயிற்சி பெற்ற மூன்று பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் ஒற்றை அறையில் நாலு பேர் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம், முடியவில்லை. எதிர் பிளாக்கில் கீழ் வீடு ஒன்றை வாடகைக்குப் பேசி, நாலு மேசை இறக்கியாயிற்று. இனி ஃபைபரையே நேராக வீட்டுக்குள் கொண்டுவரப் போகிறார்களாம். யார் யாருக்கு வேண்டும் என்று கேட்டுப் படிவம் கொடுக்கிறார்கள் என்றதும் அந்த நாலு மேசை வீட்டுக்காக நேற்றே தொலைபேசி அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் இணைப்பு எதற்கு என்று கேட்டு இரண்டு கட்டங்கள் இருந்தன: வீட்டு உபயோகம், தொழில் உபயோகம். தொழில் என்ற கட்டத்தில் குறியிட்டு, விண்ணப்பதாரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.