ஒன்பதாவது விலாவின் தையல்

நேற்று மாரிக்குப்பம் ரயிலில் எதிர் இருக்கைப் பெண் ஒருத்தி நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தாள். பங்காருபேட்டை வருவதற்குள் இரண்டு கையும் முடிந்து, கால் விரலுக்கு இறங்கிவிட்டாள். பேரனைப் பார்த்துக்கொள்ள வாரம் தவறாமல் பெங்களூர் போய் வருகிறவள் நான். முழங்கால் வலி, நெரிசல், இடத்துக்கு நடக்கும் சண்டை, எதுவும் இப்போது என்னைத் தொடுவதில்லை. அந்த வாசனை தொட்டுவிட்டது. பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் இழுத்து இழுத்து முகர்ந்தேன்.

அது டோப்பின் வாசனை. கிளைடர் என்று ஒன்று உண்டு, எஞ்சின் இல்லாத விமானம். அதன் மர இறக்கையில் துணி போர்த்தி, அந்தத் துணி பறைத்தோல் மாதிரி விறைக்கப் பூசுகிற மருந்துதான் டோப். இருபத்திரண்டு வயதில் அந்த வாசனையோடுதான் தினமும் வீடு திரும்புவேன். "இன்னாடி, ஆஸ்பத்திரியிலயா வேல செய்ற? தள்ளி குந்து" என்பாள் அம்மா.

தங்கச் சுரங்கம் இருந்த எங்கள் தங்க வயலில் கிளைடர் செய்தார்கள் என்றால் என் மகளே நம்புவதில்லை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். கன்னியப்பன் சார் பெங்களூரில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து இங்கே கிளைடர் வரைந்துகொண்டிருந்தார். ஏன் இங்கே என்றால் சயனைடு மேட்டைக் காட்டுவார். சுரங்கக் கழிவு மண் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மேடு. வெயிலில் அது காய்ந்தால் மேலே சூட்டுக் காற்று கிளம்பும். பருந்துகள் சிறகை அசைக்காமல் அதில் சுற்றும். "எஞ்சினே வேணாம், இந்த மேடு தூக்கிக்கினு போவும்" என்பார். துரைகள் காலத்து மண் ஓடுதளம் ஒன்றும் ஊருக்கு வெளியே சும்மா கிடந்தது.

தச்சர்கள் நான்கு பேர். பெரியவர் முனுசாமி அண்ணன், சுரங்கத்தில் மரத்தூண் நிறுத்தியவர். துணிக்கு நான். இறக்கைக்குள் விலா எலும்புபோல மரச்சட்டங்கள் வரிசையாக நிற்கும். மெழுகு நூலால் துணியை ஒவ்வொரு விலாவோடும் சேர்த்துத் தைத்து முடிச்சுப் போட வேண்டும். இல்லாவிட்டால் மேலே போனதும் காற்று துணியை உறிஞ்சித் தூக்கிவிடும்.

கொட்டகைச் சுவரெல்லாம் வெளிநாட்டுப் படங்கள். ஜெர்மனி, போலந்து, செக்கோஸ்லோவாகியா என்று கிளைடர் செய்கிற ஊருக்கெல்லாம் சார் கடிதம் போடுவார். சிலர் பதிலும் போடுவார்கள். போலந்திலிருந்து வந்த ஒரு படத்தில், தலையில் துணி கட்டிய பெண் ஒருத்தி இறக்கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு. பெயர் தெரியாத அவளோடு நான் நிறையப் பேசியிருக்கிறேன். பிறகு வந்த படங்களில் துணியே இல்லை. எல்லாம் கண்ணாடி இழையில் வார்த்தவை. "அங்கெல்லாம் மரத்த வுட்டுட்டாங்கம்மா. நாம கடைசி வண்டியில ஏறிக்கீறோம்" என்றார் சார்.

எங்கள் முதல் கிளைடர், இரண்டு பேர் உட்காரக்கூடியது, முடிந்தது. பிடித்திருந்தால் பயிற்சிக்கு வாங்குவதாகச் சொல்லி, பெங்களூரிலிருந்து மூன்று அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். அன்று காலை ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்க ஊசியில் நூல் கோத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. இடது இறக்கை, ஒன்பதாவது விலா. அதைப் பாதி தைத்துக்கொண்டிருந்தபோது, பெண் பார்க்க வந்துவிட்டார்கள் என்று வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஊசியைப் போட்டுவிட்டு ஓடினேன். மறுநாளும் போகவில்லை. தைத்தாகிவிட்டது என்று நினைத்து முனுசாமி அண்ணன் அதன்மேல் நாடா ஒட்டி டோப் பூசிவிட்டிருந்தார். (மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஓடுதளத்துக்கு ஓடினேன். பைலட் உள்ளே ஏறி வாரைக் கட்டிக்கொண்டிருந்தார். சாரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"நல்லா ஞாபகம் கீதா?"

"கீது சார்."

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத."

பறக்கவிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக அதிகாரிகளிடம் போனார். "டிசைன்ல எனக்கு ஒரு சந்தேகங்க. இன்னிக்கி பறக்க வேணாம்" என்றார்.

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வரைஞ்ச உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னா நாங்க எப்படி சார் வாங்கறது?" என்றார் ஒருவர். ஜீப் புழுதி அடங்க வெகுநேரமானது.

மறுநாள் சார் நாடாவைக் கீறிப் பார்த்தார். பாதிக்குமேல் தையல் இல்லை. முடிச்சில்லாத நூல் தொங்கியது.

"ஏன் சார் உங்க மேல போட்டுக்கினீங்க?"

"தையல்னு சொன்னா ஒன்ன வேலைய வுட்டு நிறுத்தச் சொல்லுவாங்க. டிசைன்னா, சரி பண்ணி எடுத்துக்கினு வான்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன்." சிரித்தார். "தப்புக் கணக்கு."

அந்த அதிகாரிகள் வெளிநாட்டிலிருந்து கண்ணாடி இழைக் கிளைடராக வாங்கிக்கொண்டார்கள். டிசைன் சரிதான் என்று சார் பக்கம் பக்கமாகக் கணக்கெழுதி அனுப்பினார், பதில் வரவில்லை. கொட்டகையை மூடுவதற்கு முன் நான் அந்த விலாவைத் தைத்தேன். அதே பைலட் லீவு போட்டுவிட்டு வந்து ஓட்டினார். சயனைடு மேட்டுக்கு மேலே பருந்துகளோடு பருந்தாக அது சுற்றிச் சுற்றி ஏறியது. தச்சர்கள் அழுதார்கள். முனுசாமி அண்ணன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நீ வரஞ்ச கோடு சரியாத்தானே கீது? அப்போ அன்னிக்கி இன்னாத்துக்கு நிறுத்தின? நாலு குடும்பம் சாரே!"

சார் வானத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு யாரும் அவரிடம் விமானம் வரையச் சொல்லவில்லை. பெங்களூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் இடத்தில் இருக்கைகள் வரைந்தே அவருக்கு வயதாகிவிட்டது. நான் பள்ளிக்கூடச் சீருடை தைத்தேன். சுரங்கம் மூடியது. முனுசாமி அண்ணன் ஓசூரில் மகன் வீட்டில் காலமானார். ஓடுதளத்தில் இப்போது முள் மண்டிக் கிடக்கிறது. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அந்தக் கிளைடரைக் கரையான் தின்றதா, அடுப்பில் எரித்தார்களா, தெரியாது.

போன வருஷம் சார் இறந்த செய்தி தாமதமாகத்தான் வந்தது. துக்கம் விசாரிக்கப் போனேன். மகன் மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்தான். "அப்பாவுக்கு ஆசை ஜாஸ்தி ஆன்ட்டி. டிசைன்தான் சரியா வரலன்னு எல்லாரும் சொல்வாங்க" என்றான்.

"டிசைன் சரிதாம்பா. தையல்தான்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவன் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு, "இன்னா சொன்னீங்க ஆன்ட்டி?" என்றான்.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.