மண் தின்ற நாட்கள்

என் வீட்டுப் பின்சுவரில் ஒரு மண்வெட்டி தொங்குகிறது. அதன் இரும்பு இலையின் ஒரு மூலை மடிந்திருக்கும். கல்லில் பட்டது. கல்லுக்கு முன்னால் அது ஒரு மனிதனின் விரல்களில் பட்டது.

ஐம்பதுகள். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைச் சங்கு ஊதாத காலம். ஏரித் தண்ணீர் மேல் வயலில் நிரம்பி, மடை வழியே கீழ் வயலுக்கு இறங்கும். மேல் வயல் என் சித்தப்பாவுடையது. கீழ் வயல்காரர் வீட்டில் தெலுங்கு பேசுபவர். சித்தப்பாவை ‘பாவா’ என்பார். சித்தப்பா அவரை ‘மச்சான்’ என்பார். உறவு கிடையாது, வாய்ப்பழக்கம்தான். எனக்கு இருபது வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். யாரையாவது சீண்டாமல் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் சித்தப்பாவின் கேழ்வரகு வைக்கோல் போர் மழையில் நனைந்து, மாடுகூட முகர்ந்து பார்க்கவில்லை. எருவாகட்டும் என்று அவ்வளவு தாளையும் சேற்றில் மிதித்துவிட்டு, நாலாம் நாளே நாற்று நட்டார். வரப்பில் நின்ற கீழ் வயல்காரர் சிரித்தார்.

“பாவா, இவ்ளோ தாளப் போட்டுட்டு ஒடனே நட்டா எப்டி? மண்ணு மொதல்ல தான் தின்னும். அப்பறந்தான் பயிருக்குக் குடுக்கும்.”

“நட்டது என் வயலுல மச்சான், உன் வயித்துல இல்ல.”

பத்தே நாளில் பயிர் மஞ்சளித்தது. கீழ் வயலோ கரும்பச்சை. சித்தப்பாவுக்கு இருந்தது அந்த ஒரே வயல். அது போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடையாது. மாட்டை அடித்தார், சித்தியை அடித்தார். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“சித்தப்பா, ஒன் வயலு சத்தெல்லாம் எங்க போச்சுன்னு தெரீலயா? மச்சான் மடையில வாய வெச்சு உறிஞ்சிட்டாரு. அவரு பயிரு எப்டிக் கொழுத்துக் கெடக்குது பாரு!”

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை கீழ் வயல்காரர் குனிந்து, மடையை அடைத்திருந்த தாளை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா வரப்பில் ஓடினார்.

“இன்னும் உறிஞ்சறியாடா, திருட்டு நாயே!”

மண்வெட்டி இறங்கியது. மூன்று விரல்கள் சேற்றில் தாளோடு தாளாக விழுந்தன. நான்தான் துழாவி எடுத்தேன். ஒன்று கிடைக்கவேயில்லை.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில், “சோளத்தட்டு வெட்டறப்ப பட்டுச்சு” என்றார் அவர். சித்தப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப்பின் எங்களோடு பேசவும் இல்லை.

நட்டு இருபத்தைந்து நாள் இருக்கும். பயிர் நிறம் திரும்பியது. தாளைத் தின்னும் மண், பயிருக்கு வேண்டிய சத்தையும் சேர்த்து விழுங்கி வைத்திருந்தது; செரித்த பிறகு திருப்பிக் கொடுத்தது. ஒரே வாரத்தில் பயிர் கீழ் வயலையே மிஞ்சிவிட்டது.

மச்சான் எதையும் உறிஞ்சவில்லை என்று சொல்லும் அந்தப் பச்சையைச் சித்தப்பாவால் பார்க்க முடியவில்லை. அதே மண்வெட்டியோடு இறங்கி, கொழுத்த இடமாகப் பார்த்து வெட்டினார். சேறும் பயிரும் தெறித்தன. பிடிக்கப் போன எனக்குக் காம்பால் ஒரு அடி, முன்பல் போனது. அப்போது கீழ் வயலிலிருந்து, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றவரின் குரல்.

“ஏய்! பயிரு என்னாடா பண்ணுச்சு? நிறுத்துடா!”

பாவா இல்லை. டா. சித்தப்பா நின்றார். மண்வெட்டியை வரப்புக் கல்லில் ஓங்கி அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். மீதிப் பயிர் பிழைத்தது.

இன்று அந்த வயல் என்னிடம் இருக்கிறது. தாளை மடக்கி உழுதால் மூன்று வாரம் பொறுத்தே நடுகிறேன். அப்படியும் சில வருஷம் பயிர் மஞ்சளிக்கும். அந்த நாட்களில் யாரையும் கேலி செய்வதில்லை. பல் போன இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு, சுவரில் தொங்குவதைப் பார்த்தபடி இருப்பேன். மண்வெட்டி சித்தப்பாவுடையது. அதை ஓங்க வைத்த வாய் என்னுடையது என்று, கீழ் வயல்காரர் சாகும்வரை நான் அவரிடம் சொல்லவில்லை.