பிளக்கைப் பிடுங்கியவள்

வீட்டில் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினைந்து வயது. கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும்.

பள்ளி விடுமுறையில் பேக்கரி வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். பஸ் டிக்கெட்டுக்குக்கூட அம்மாவிடம் கையேந்துவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மா, "போ. ஆனா சின்ன வயசுக்காரங்க வேலை பார்க்குறதுக்கான பெர்மிட் வாங்கிட்டுப் போ" என்றாள்.

அதை வாங்குவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய தலைமையாசிரியர் ஊரிலேயே இல்லை. டாக்டர் கண், காது, பல் வரைக்கும் பார்த்தார். என்ன வேலை என்று எழுதித் தர பேக்கரி முதலாளி இழுத்தடித்தார். கடைசியில் 'கவுண்டர், பொட்டலம் கட்டுதல்' என்று கிறுக்கிக் கொடுத்தார்.

தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரியம்மா முத்திரை குத்துமுன் நிமிர்ந்து பார்த்தார். "இது இந்தக் கடைக்கு மட்டும்தான் செல்லும். வேற இடத்துக்குப் போனா புதுசா வாங்கணும். பதினெட்டு வயசு வரைக்கும் வெட்டுற மெஷின், பிசையுற மெஷின் எதையும் தொடக் கூடாது. துடைக்கிறதுக்குக்கூட. புரிஞ்சுதா?"

புரிந்தது. ஒருநாள் ரொட்டி வெட்டும் ஆள் காய்ச்சல் என்று வராதபோது, முதலாளிக்குத்தான் அது புரியவில்லை.

"இன்னைக்கு நீ மெஷின்ல நில்லு."

"நான் தொடக் கூடாதுங்க. ஆபீஸ்ல சொன்னாங்க."

"ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து ஆயிரம் சொல்லுவாங்க. அவங்களா வந்து ரொட்டி வெட்டுவாங்க?"

"நான் வெட்ட மாட்டேன்."

அவர் இவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. பின்னால் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். அவளுக்குப் பதினாலு வயது. குச்சி என்று கூப்பிடுவார்கள். அவள் மறுபேச்சுப் பேசாமல் எழுந்துபோய், ஓடுகிற பிளேடுகளுக்கு நடுவே சிக்கிய ரொட்டியை விரலால் தள்ளப் போனாள்.

மிளகாய் பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"வெளிய போ" என்றார் முதலாளி. "நாளைக்கு இந்தப் பக்கம் தலையைக் காட்டாதே."

விஷயத்தைக் கேட்டதும் அம்மா முதலில் மகளைத்தான் திட்டினாள். "வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உன்னால?" பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பொண்ணு?" என்றாள்.

"அங்கேயேதான் இருக்கா."

மறுநாள் அம்மா லீவு போட்டுவிட்டு மகளோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரியம்மா பேக்கரிக்கே நேரில் வந்து மெஷினுக்குச் சீல் வைத்தார். குச்சிக்குப் பெர்மிட்டே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் குச்சி மிளகாய் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "உன்னை யாரு கேட்டா? உனக்காகப் பேச அம்மா இருக்காங்க. எனக்கு அந்த வேலை ஒண்ணுதான் இருந்துச்சு."

முதலாளி மேல் இருந்த கோபத்தைவிட, காப்பாற்ற வந்து கடைசியில் வேலையைப் பிடுங்கிக்கொண்டு போன சட்டத்தின் மேல்தான் அன்று மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அதே அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள்.

"அவளை அனுப்பிட்டீங்க. இனி அவ எங்க போவா?"

"பெர்மிட் இல்லாம வச்சிருந்தது தப்பும்மா."

"தப்பு பண்ணினது அவரு. கடை திறந்துதானே இருக்கு? வேலை போனது அவளுக்கு."

அதிகாரியம்மா, "பதினாலு வயசுக்கும் லேசான வேலை பார்க்கலாம், பகல்ல சில மணி நேரம். வேலை தர்றவங்களைக் கூட்டிட்டு வா. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் பூக்கடை வைத்திருந்தவளிடம் அம்மா பேசினாள். குச்சியை வளர்க்கும் மாமா, பெர்மிட் மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். அவர் வீட்டு வாசலில் போய் அம்மா நின்ற நிற்பில் முறுக்கு தளர்ந்தது. குச்சி பூக்கடையில் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் மிளகாயோடு முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆயிற்று.

மிளகாய்க்கு வேறு கடையில் இடம் கிடைத்து, அதற்குப் புதுப் பெர்மிட் வருவதற்குள் பள்ளி திறந்துவிட்டது. பேக்கரி இன்னும் ஓடுகிறது; சீல் எடுத்த பிறகு மெஷினும் ஓடுகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பாள், மெஷின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று.