கொடி கட்டிய ஜீப்

கள்ளக்குறிச்சிப் பக்கம் அந்த நாளில் ஒரு லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தால் போதும், தொண்டு நிறுவனம். திருநாவலூரில் நான் நடத்திய இரவுப் பள்ளியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தொழுநோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறவருக்கு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்திருப்பவரைக் கண்டால் ஆகாது. ஒருவருக்கு மாவு மூட்டை வந்தால் இன்னொருவருக்கு வயிறு எரியும். இந்தக் கும்பலைத்தான் ஒரே கூட்டமைப்பாக்கப் புறப்பட்டார் கச்சிராயபாளையத்து மணிமொழி.

கரும்பு போடுகிற குடும்பத்துப் பெண். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். டவுன் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசினார். எல்லோரும் முதலில் கேட்டது, தலைவர் யார் என்று. தலைவரே கிடையாது என்றார். உறுப்பினராக ஒரே நிபந்தனைதான். மாதக் கூட்டம் எந்தச் சங்கத்தின் இடத்தில் நடக்கிறதோ, அங்கே சமைத்ததை எல்லோரும் சாப்பிட வேண்டும்.

முதல் கூட்டத்தை, கள்ளக்குறிச்சி போகும் ரோட்டோரக் காலனியில் பச்சையம்மாள் நடத்திய பால்வாடியில் வைத்தார். சேரிச் சோறு என்றதும் பாதிப் பேருக்குத் திடீரென்று வயிற்று வலி வந்துவிட்டது. மணிமொழி கோபப்படவில்லை. அடுத்த மாதமும் அங்கேயே வைத்தார், அதற்கடுத்த மாதமும். வலி மெல்லக் குணமாயிற்று.

பச்சையம்மாள் யாரையும் லேசில் நம்பமாட்டார். மணிமொழியை நம்பினார். அவரைப் பார்த்து மற்ற காலனிச் சங்கங்களும், கல்வராயன் மலையிலிருந்து ஒரு சங்கமும் சேர்ந்தன. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பழைய ஜீப் வாங்கினோம். வீரமணி ஓட்டுவான். அதில் பால்பவுடர் போனால் காலனிப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து தொற்றிக்கொள்ளும்.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. மணிமொழியின் சாதிக்காரர்கள் கேட்டது நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். சாலையெல்லாம் வெட்டிப் போட்ட மரங்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த செய்தி வந்தது. அந்தக் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், வழக்கம்போல, காலனிக் கூரைகள் மேல் போயிற்று.

இரண்டாம் நாள் காலையில், பிரசவம் சிக்கலாகிப் போன பூமாலை என்ற பெண்ணை மலைச் சங்கத்தார் தூளி கட்டித் தூக்கிவந்து மணிமொழி வீட்டு வாசலில் இறக்கினார்கள். புடவையெல்லாம் ரத்தம். அவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பாதி வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. நின்றவர்கள் எல்லாம் சொந்தக்காரப் பையன்கள்.

"கொடியக் கட்டிக்கினு போங்கக்கா. கொடி இல்லாத வண்டி எங்கியும் போவாது" என்றான் ஒருவன்.

வீரமணி காலனி ஆள். அவன் கொடியைத் தொடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பூமாலை முனகுவது நின்றுபோயிருந்தது. மணிமொழியே இறங்கிப் போராட்டக் கொடியை வாங்கி ஜீப்பின் முன்னால் கட்டினார். பையன்கள் மரத்தைப் புரட்டி வழி விட்டார்கள்.

பச்சையம்மாளின் காலனிக்கு முந்தின இரவே தீ வைத்துவிட்டார்கள் என்பது வண்டியில் யாருக்கும் தெரியாது. வளைவு திரும்பியதும்தான் கண்ணில் பட்டது. பால்வாடியின் சுவர் மட்டும் நின்றது. ரோட்டோரம் உட்கார்ந்திருந்த சனங்கள் கொடியைப் பார்த்ததும் எழுந்து சிதறி ஓடினார்கள். பிள்ளைகள் அலறிக்கொண்டு கரும்புக் கொல்லைக்குள் புகுந்தன. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இழுத்துக்கொண்டு ஓடிய பச்சையம்மாள், ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வீரமணி பிரேக்கில் கால் வைத்தான். மணிமொழி, நிறுத்தாதே என்றார்.

பூமாலை பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது.

மறுநாள் மணிமொழி கச்சிராயபாளையத்திலிருந்து காலனிக்கு நடந்தே போனார். பஸ் நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்த நானும் கூடப் போனேன். கரிக்கட்டைகளுக்கு நடுவே பச்சையம்மாள் அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தார். மணிமொழி நடந்ததைச் சொன்னார். பச்சையம்மாள் முழுக்கக் கேட்டார்.

"நீங்க பண்ணது தப்பில்லக்கா. நானா இருந்தாலும் கட்டியிருப்பேன். ஆனா இனிமே இங்க வராதீங்க. புள்ளைங்க தூங்கணும்."

மணிமொழி வந்த வழியே திரும்பி நடந்தார்.

காலனிச் சங்கங்கள் ஒவ்வொன்றாக விலகின. எங்களால்தானே என்று மலைச் சங்கமும் ஒதுங்கிக்கொண்டது. மிஞ்சியவர்கள், போனவர்கள் போகட்டும், நாம் நடத்துவோம் என்றார்கள். அப்படி ஒரு கூட்டமைப்பு எதற்கு என்று மணிமொழி அதைக் கலைத்துவிட்டார். பிறகு எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. கரும்பைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். பதினைந்து வருஷம் கழித்துச் செத்துப்போனார்.

சாவுக்கு மலையிலிருந்து பூமாலை வந்து மாரடித்து அழுதாள். அன்றைக்குப் பிறந்த மகன், மீசை அரும்பின பையன், ஓரமாக நின்றான். பச்சையம்மாளுக்கு நானே போய்ச் சேதி சொல்லியிருந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். எடுக்கிற வரைக்கும் பார்த்தோம், அவர் வரவில்லை.