வாழைக்குலை அறையில் ஓர் ஓர்க்கிட்

“நான் தொட்டா வெளக்குமாறும் பூக்கும்” என்பாள் ஸுபைதா. யாராவது சிரித்துவிட்டால், “சரி, வெளக்குமாறு கொஞ்சம் கூடிப்போச்சு. அந்தூரியம் பூக்கும்” என்று ஒரு படி இறங்கி வருவாள். எஹலியகொடவில் அவள் வீட்டு முன்னறையில் அந்தூரியம் பூக்கத்தான் செய்தது. இந்த ஓர்க்கிட் வந்து சேரும்வரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

கொண்டுவந்தவள் சம்மந்தி நபீலா, மருமகனின் உம்மா. மகள் நுஸ்காவின் கலியாணம் முடிந்த கையோடு, ரம்புக்கனையிலிருந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். ஊதா நிறத்தில் இரண்டு பூ, எட்டு மொட்டு. “பாத்துக்கொள்ளுங்க மச்சி, இது எல்லார்ட கையிலயும் நிக்காது” என்று சொல்லி ஒரு சிரிப்பும் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் ஸுபைதாவுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

இரண்டாம் கிழமையே மொட்டெல்லாம் மஞ்சளித்துப் பொலபொலவென்று கொட்டியது.

அவள் செய்யாத பணிவிடை இல்லை. மழைத் தண்ணீரை வடித்து ஊற்றினாள். இலையைப் பஞ்சால் துடைத்தாள். வெயில் நேரே படாத உள்ளறை ஜன்னலில்தான் வைத்திருந்தாள். புருசன் பாறூக் வாழைக்குலை வியாபாரி. குலைகள் சாக்கு மூடிப் பழுக்கக் கிடப்பதும் அந்த அறையில்தான். வீட்டில் வேறு குளிர்ந்த அறை இல்லை. மாதங்கள் கழித்து அடுத்த தண்டு விட்டது. அதன் ஏழு மொட்டும் கொட்டின. காற்றாடியைத் திட்டினாள், பல்லியைத் திட்டினாள், இருமிய பாறூக்கையும் திட்டினாள்.

“இருமினா மொட்டு விழுமா ஸுபைதா?”

“ஒங்கட இருமலுக்கு ஓடே விழும்.”

நபீலாவோ ஃபோனில் பூப் படம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஸுபைதா முதல் நாள் எடுத்த படத்தையே இடைக்கிடை அனுப்பினாள். மூன்றாம் தரம் பதில் வந்தது: “மாஷா அல்லாஹ், பூ அப்படியே இரிக்கி. பின்னால பல்லியும் அப்படியே இரிக்கி. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நேர்ல வந்து ரெண்டையும் பாக்கிறேன்.”

ஸுபைதா கலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தாள். பெருநாளுக்கு இரண்டே மாதம். செடியில் மிளகளவு மொட்டுகளோடு மூன்றாவது தண்டு. அதுவும் கொட்டினால் நபீலாவின் சிரிப்பை ஆயுசுக்கும் கேட்கவேண்டியதுதான்.

அந்தக் கிழமை, தேயிலை நர்சரியில் வேலை செய்யும் கஜேந்திரன் கோயில் திருவிழாவுக்குக் குலை வாங்க வந்தார். உள்ளறைக்குள் கால் வைத்தவர் ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டார்.

“யாருங்கம்மா இந்தச் செடிய இங்க வச்சது? பழம் பழுக்கையில அதுலருந்து ஒரு காத்து வருதுங்க. அது பட்டா மொட்டு நிக்காதுங்க, கொட்டிரும்.”

ஸுபைதா மெல்லத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். “முப்பது வருசமா ஒங்கட வாழக்கொல என்ட வீட்டத் தின்னுது. இப்ப பூவையும் தின்னுதா?”

“அப்ப செடிய முன்னறைக்கு எடுங்களேன்.”

“அங்க வெயில். செடி அசையாது, கொலதான் அசையணும்.”

“எங்க கொண்டு போற? கடையில எலி, வெளியில கொரங்கு.”

“ஒங்கட கட்டில் பக்கம் நெறைய எடம் இரிக்கே!”

பெருநாளன்று நபீலா வந்தாள். சலாம் சொன்னதும் நேரே உள்ளறைக்குத்தான் போனாள். ஐந்து பூ விரிந்திருந்தது, நுனியில் ஒரு மொட்டு. பிளாஸ்டிக்கோ என்று ஓர் இதழை நகத்தால் கிள்ளியும் பார்த்தாள். கிள்ளிய இடம் கசிந்தது. சிரிப்பைக் காணவில்லை.

ஸுபைதா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். “என்ட கைக்குத் தெரியும் மச்சி. கண்ட எடத்துல வெச்சா பூக்குமா? எடத்த மாத்தினேன், பூத்திட்டுது.”

வட்டிலப்பத் தட்டோடு வந்த பாறூக் வாசலிலேயே நின்றார்.

“செடி வெச்ச எடத்துலதான் இரிக்கி மச்சி. எடம் மாறினது வாழக்கொல. ரெண்டு மாசமா அதோட படுக்கிறது நான்.”