முறை வைத்துத் தூங்கிய வீடு

தலைப்பிரசவத்துக்கு நான் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் இன்னமும் ஆட்கள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அம்மா இல்லையா, அம்மா வீட்டோடு சண்டையா என்று கேட்க நினைத்து, கேட்காமல் தலையாட்டுகிறார்கள். அம்மா இருந்தாள். சண்டையும் இருந்தது. ஆனால் அவர்கள் நினைக்கிற சண்டை இல்லை.

வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம் கொண்டுவந்து விடுவார்கள். அதுவரை பெற்ற அப்பன் ஒரு விருந்தாளி. ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவான், மாமியார் கொடுக்கும் காபியைக் குடிப்பான், குழந்தையைத் தூக்கத் தெரியாமல் தூக்கிப் பார்த்துவிட்டு பஸ் ஏறுவான். எனக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு அதைவிடப் பிடிக்கவில்லை.

எங்கள் வீடு திருவையாற்றுக்குப் பக்கத்தில், வயலைப் பார்த்தபடி இருக்கிறது. அவர் விவசாயம். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாமனார் மூத்த மகனோடு சிங்கப்பூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் அம்மா இருப்பது பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில்.

வளைகாப்பு அன்று சாயங்காலம் அம்மா வாசலில் காரை நிறுத்திவிட்டு, "பெட்டிய எடு" என்றாள்.

"நான் வரலம்மா. பொறக்கறதுலேர்ந்து கூடவே இருக்கணும்ங்கறார் அவர். எனக்கும் அதான் ஆசை."

"ஆம்பளைக்கு என்னடி தெரியும்? நாத்து வளக்கறதும் புள்ள வளக்கறதும் ஒண்ணா?"

அவர் தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். "தெரியாதுதான் அத்தை. கத்துக்கறேன்" என்றார்.

அம்மா மாப்பிள்ளையை எதிர்த்துப் பேச மாட்டாள். அதனால் என்னைப் பார்த்தே அவருக்குச் சொன்னாள். "புள்ள பொறந்த நாப்பதாம் நாள் நான் காரோட வருவேன். அன்னிக்கி உன் மொகம் வாடிக் கெடந்துது, புள்ள தூங்காம கத்துதுன்னா ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போய்ட்டே இருப்பேன். அஞ்சு மாசம் கழிச்சிதான் அனுப்புவேன். அப்ப யாரும் குறுக்க பேசக் கூடாது."

"சரிங்க அத்தை" என்று அவர் பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு இறங்கவில்லை. என்னை வைத்து இவர் யார் வாக்குக் கொடுக்க?

ஒன்பதாம் மாதம் சித்திரை வெயிலில் வந்து சேர்ந்தது. ஆற்றில் மணல்தான் இருந்தது. நடந்தால் மூச்சு வாங்கியது, உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போனது, படுத்தால் நெஞ்சு கரித்தது. இடதுபக்கமாகத்தான் படுக்க வேண்டும் என்று எங்கள் ஊர் நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானோ தூக்கத்தில் உருண்டு மல்லாந்துவிடுவேன், மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்து யாரையாவது திட்டுவேன். பக்கத்தில் இருந்தது அவர்தான்.

தலையணையை முதுகுக்கு வைத்துப் பார்த்தார். நழுவிவிட்டது. போர்வையைச் சுருட்டி வைத்தார். அதுவும் நிற்கவில்லை. கடைசியில் தானே என் முதுகோடு முதுகு சேர்த்துப் படுத்துக்கொண்டார். "நான்தான் வரப்பு. சாஞ்சா என் மேலதான் சாயணும். வரப்பு ஒடையாது, நீ தூங்கு."

"நவுருங்க, உடம்பெல்லாம் வேகுது" என்று கத்தினேன். எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். துண்டை நனைத்துப் பிழிந்து முதுகில் போட்டுக்கொண்டு வந்து மறுபடி சாய்ந்தார். துண்டு காயக் காய எழுந்து போய் நனைத்துவிட்டு வருவார். அந்த ஒரு மாதமும் நான் தூங்கிய தூக்கமெல்லாம் அந்த ஈர முதுகின் மேல் தூங்கியதுதான். என் வாய் சும்மா இருக்காது, அவரைப் பற்றிப் பத்துக் குறை சொல்லுவேன். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் மாறிவிடும்.

ஒருநாள் சாயங்காலம் கொல்லைப் படியில் உட்கார்ந்து அழுதேன். பிரசவத்தை நினைத்துப் பயம். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். கை சில்லென்று இருந்தது. அதைப் பிடித்து நான்தான் தேய்த்துவிட்டேன், நான்தான் தைரியமும் சொன்னேன். அவருக்குச் சொல்லச் சொல்ல எனக்கும் கொஞ்சம் வந்தது.

வைகாசியில் மகள் பிறந்தாள். அம்மா வந்து தொட்டிலில் போடும் பதினாறாம் நாள் வரை எங்களோடு இருந்தாள். அதற்கு மேல் இருக்க முடியவில்லை. அங்கே தேங்காய் வெட்டு. அதோடு அப்பாவுக்குத் தனக்கென்று ஒரு வாய் காபி போட்டுக் குடிக்கத் தெரியாது. போகும்போது, "இருவத்தி நாலு நாள்தான் பாக்கி" என்று வாசலில் நின்று எண்ணிச் சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் பகலெல்லாம் தூங்கினாள். விளக்கு வைத்ததும் விழித்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தாள். கையில் இருந்தால் பேசாமல் இருப்பாள், கீழே விட்டால் ஊரைக் கூட்டுவாள். அம்மா போன மூன்றாம் நாளே அவர் ஒரு திட்டத்தோடு வந்தார். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் எங்கள் பக்கம் முறை வைப்பார்கள். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். அவரவர் முறையில்தான் மடையைத் திறக்கலாம். அதைப்போலவே இராத்திரிக் காவலுக்கும் முறை வைத்தார். முறைக்காரர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் தூங்கலாம். ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை என் முறை, அதற்கு மேல் விடியும்வரை அவர் முறை. காலண்டரின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

எழுதியது நன்றாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. குறுவை நடவு தொடங்கியிருந்தது. விடிந்தால் அவர் சேற்றில் நிற்க வேண்டுமே என்று ஒன்றரைக்கு நான் எழுப்ப மாட்டேன். அவரோ, பச்சை உடம்புக்காரி உட்கார்ந்திருக்கிறாளே என்று பதினொன்றுக்கே எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொள்வார். நான் படுத்துக்கொண்டே அவர் எத்தனை மணிநேரம் தூங்கினார் என்று கணக்குப் போடுவேன், பொறுக்காமல் எழுந்துபோய் அவர் கையிலிருந்து வாங்குவேன். அரைமணிக்கெல்லாம் அவர் மறுபடி வாங்குவார். இப்படி மாற்றி மாற்றி வாங்கி, இரண்டு பேரும் இராத்திரி முழுக்க விழித்திருந்தோம். மகளுக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும்.

இருபத்தைந்தாம் நாளோ என்னவோ, காலை பத்து மணிக்கு அவர் வாசலில் வந்து நின்றார். தலையிலிருந்து கால்வரை சேறு, கண் இரண்டும் மட்டும் தெரிந்தது. வரப்பில் நாற்றுக்கட்டோடு நின்றபடியே தூங்கி வயலுக்குள் விழுந்திருக்கிறார். நடவுக்கு வந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும். ஒரு அக்கா அவரைக் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டாள்.

"டீச்சரம்மா, இவரை நாத்தோட சேத்து நட்டுடலாம்னு பாத்தோம். வேர் புடிக்காதுன்னு கொண்டாந்துட்டோம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. கடைசியில் கோபம்தான் நின்றது. "வாய்க்கால்ல எவனாவது முறை மாத்தி மடையத் தொறந்தா மம்பட்டியத் தூக்கிட்டுப் போறீங்க. இங்க தெனம் என் முறையத் திருடறீங்களே, இது என்ன நியாயம்?"

அவர் சேறு சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "நீ மட்டும் என்ன? நேத்து என் முறையில மூணு தடவை திருடின. நான் எண்ணினேன்" என்றார்.

அந்த அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு ஒங்க குடும்பம்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அன்று மத்தியானம் நர்ஸம்மா குழந்தையை எடை பார்க்க வந்தார். கூடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பகலில் தூங்குகிறவளை எழுப்பக் கூடாது என்று ஜன்னலிலெல்லாம் புடவை கட்டியிருந்தோம். டிவி போடுவதில்லை, மிக்ஸி ஓட்டுவதில்லை, பால்காரர் மணியடிக்கக் கூடாது. "பகலை ராத்திரியாக்கி வெச்சிக்கிட்டு, ராத்திரி ஏன் தூங்கலன்னு கேக்கறீங்களே" என்று சிரித்தார். ஜன்னல் புடவைகளை நர்ஸம்மாவே அவிழ்த்துப் போட்டார். பகலில் வெளிச்சமும் சத்தமும் இருக்கட்டும், இரவில் விளக்கைக் குறைத்துவிட்டுப் பேசாமல் பாலைக் கொடுத்துப் படுக்க வையுங்கள் என்றார். என் முறை இல்லாத நேரத்துக்குப் பாலை எடுத்துவைத்துப் பாலாடைக் கிண்ணத்தில் எப்படிப் புகட்டுவது என்று என் வீட்டுக்காரருக்குச் செய்து காட்டினார். சேறு கழுவிய ஈரத் தலையோடு அவர் பத்தாம் வகுப்புப் பையனைப்போலக் கவனித்தார்.

முறையையும் திருத்தினோம். மத்தியானத்திலும் எனக்கு இரண்டு மணிநேரம் தூக்கம் எழுதினார். முறை இல்லாதவர் உள்ளறையில் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொள்ள வேண்டும். வீடு இடிந்தாலன்றி வெளியே வரக் கூடாது. முதல் நாள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து மகள் அழுவதைக் கேட்டுக்கொண்டு நானும் அழுதேன். கதவைத் திறக்கவில்லை. அவரிடம் விட்டுவிட்டுச் சும்மா இருப்பது, பெற்றதைவிடக் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது. அவர் எப்படி அடக்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அப்படியே தரையில் தூங்கிப்போனேன். நான்காம் நாளிலிருந்து மகள் இரண்டு மணிநேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினாள், பிறகு மூன்று. நடுவில் ஓரிரவு எல்லாம் பழையபடி கெட்டது. மறுநாள் சரியானது.

நாற்பதாம் நாள் அம்மா சாயங்காலம் வருவாள் என்றிருந்தோம். மத்தியானமே காரோடு வந்துவிட்டாள். பின்சீட்டில் எனக்கு மெத்தை போட்டிருந்தாளாம். இனி நடந்ததை அம்மாவே சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. எதிர் வயலில் டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது. என் பருத்திப் புடவையில் கட்டிய தூளியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூளிக் கயிறு ஒன்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டியபடி, மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க மாப்ள அவ?"

"தூங்கறா அத்தை. நாலு மணி வரைக்கும் என் முறை. அவள எழுப்ப முடியாது."

"நான் வந்திருக்கேன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாதுங்க அத்தை. எழுப்பினா திருட்டு." அம்மாவை எதிர்த்து அவர் பேசியது அது ஒன்றுதான்.

நான் நான்கு மணிக்குத் தாழை நீக்கி வெளியே வந்தேன். வாசலில் கார் இல்லை. அவரும் இல்லை, நடவைப் பார்க்க வயலுக்குப் போயிருந்தார். அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், கயிறு இப்போது அம்மாவின் கட்டைவிரலில் இருந்தது. சுவரில் ஒட்டிய தாளில் மாலை மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை என்று அவர் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி. பக்கத்தில் 'அத்தை' என்று எழுதியிருந்தது.

அம்மா என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். வாட்டம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. எனக்கு ஒரே பெருமை. பரீட்சையில் நான் வாங்கிய எந்த மார்க்குக்கும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

"காரை அனுப்பிட்டேன்" என்றாள். கட்டைவிரலால் தூளியை ஒருதரம் ஆட்டினாள். "உங்களை மூணு பேரை வளத்தேன்டி. எனக்கு யாரும் முறை வெக்கல. வெக்கலாம்னுகூட எனக்குத் தெரியாது."

பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றுக்குக் கை நீட்டினேன். "காலைலேர்ந்து கார்லயே வந்திருக்க. கொஞ்சம் படும்மா, நான் பாத்துக்கறேன்."

அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"போடி. அஞ்சரை வரைக்கும் என் முறை."